கிருஷ்ணனும் மயில்துத்தமும்

விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணனைப் பற்றித் தமிழில் வந்துள்ள வாழ்க்கைக் குறிப்புகள் சிலவற்றை அண்மையில் ஒருசேரப் படித்தேன். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தது உண்டு. 1928இல் கல்கத்தாவில் ராமனுக்கு உற்ற துணையாக நின்றது விரிவாக உண்டு. பட்டங்களும் பதவிகளும் உண்டு. நடுவே, படிகங்களின் காந்தப் பண்பை'யும்' ஆராய்ந்தார் என்ற அளவில் ஒரே வரி. அந்த எச்சவும்மையில்தான் எனக்குக் குறை.

கேமரன் மலைத் தோட்டப் பள்ளியில் காந்தப் பாடம் நடத்தும்போது குண்டூசி ஒட்டும், செம்புக் கம்பி ஒட்டாது. செம்பைக் காந்தம் ஈர்க்காது என்று எழுதி முடிப்போம். உலோகச் செம்புக்கு அது சரி. ஆனால் போர்டோக் கலவைக்காகச் சுண்ணாம்புடன் சேர்க்கிறோமே மயில்துத்தம், அந்த நீலப் படிகத்திலுள்ள செம்பு மெலிதாகவேனும் காந்தத்தால் ஈர்க்கப்படுகிறது! ஆசிரியப் பயிற்சியில் இதை எனக்கு எவரும் சொன்னதில்லை. நானும் பல்லாண்டு பாதியையே கற்பித்தேன்.

எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். இரண்டு இணைந்தால் ஒன்றன் விளைவை மற்றது அழித்துவிடும். இரும்பு, நிக்கல், செம்பு முதலிய இடைநிலைத் தனிமங்கள் உப்பாகும்போது இணையற்ற எலெக்ட்ரான்கள் எஞ்சுவதுண்டு. மயில்துத்தத்தில் செம்பு அணு ஒவ்வொன்றுக்கும் ஒன்று எஞ்சும். அடுத்த இடத்திலுள்ள துத்தநாகத்தின் உப்பில் ஒன்றும் எஞ்சாது. அதற்கு நிறமுமில்லை, ஈர்ப்புமில்லை.

கிருஷ்ணன் இத்தகைய படிகங்களை டாக்காவிலும், 1933க்குப் பின் மீண்டும் கல்கத்தாவிலும் ஆராய்ந்தார். அவர் முறை அழகானது. சிறு படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தப் புலத்தில் தொங்கவிடுவார். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்கினாலும் புலம் படிகத்தை எளிதில் விடாது. ஒரு குறித்த கோணத்தைத் தாண்டியதும் படிகம் சட்டெனப் புரளும். ஒரு திசைக்கும் மறு திசைக்கும் அதன் காந்தப் பண்பு எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அந்தக் கோணமே காட்டிக்கொடுக்கும்.

மயில்துத்தத்தின் உள்ளமைப்பைப் பீவர்ஸ், லிப்சன் என்னும் இருவர் 1934இல் எக்ஸ் கதிரால் கண்டறிந்தனர். செம்பணுவைச் சுற்றி ஏறத்தாழச் சதுரமாக நான்கு நீர் மூலக்கூறுகள். சற்று எட்ட, சல்பேட்டின் ஆக்சிஜன் இரண்டு. ஐந்தாவது நீர் செம்பைத் தொடுவதே இல்லை. கிருஷ்ணன் 1936இல் முகர்ஜியுடன் சேர்ந்து அப்படிகத்தின் காந்த வேறுபாட்டை அளந்து, இவ்வமைப்போடு பொருத்தி ஆராய்ந்தார். அணுவின் அக்கம்பக்கம் அதன் காந்தத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதே கேள்வி. அமெரிக்காவில் வான் விளெக் முதலியோர் வகுத்த கொள்கைக்கு இத்தகைய அளவுகள் உரைகல்லாயின. ராமன் விளைவில் கிருஷ்ணன் துணைவர்; இங்கோ அவரே தலைவர். தலைமைப் பணியை ஒரு வரியில் அடக்கித் துணைப்பணியை விரிப்பது என்ன வரலாறு?

இவையெல்லாம் சிறுவர் நூலுக்கு ஆகாத கடினப் பொருள் என்பார்கள். எலெக்ட்ரான் கணக்கு கடினந்தான், அதை விட்டுவிடலாம். இழையும் படிகமும் கடினமா? ஊஞ்சல் கயிற்றை முறுக்கி விட்டு விளையாடாத பிள்ளை எங்கள் லயத்தில் ஒன்றுகூட இல்லை.