நிழலும் சொல்லும்: கிண்டிப் பொறியியற் கல்லூரியின் தொடக்க வரலாறும் ஒளிப்படச் சான்றுகளும்

முன்னுரை

கல்வி நிறுவனங்கள் நூற்றாண்டு விழா எடுக்கும்போது மலர் வெளியிடுவது நம்மிடையே மரபாகிவிட்டது. அம்மலர்களின் முற்பக்கங்களைப் பழைய ஒளிப்படங்கள் அணிசெய்யும். நடுவில் நாற்காலியில் அமர்ந்த முதல்வர், சுற்றிலும் கோட்டும் தலைப்பாகையும் அணிந்த மாணவர், பின்னணியில் வளைவுகள் கொண்ட கட்டடம் எனப் படம் கண்ணைக் கவரும். அதன் கீழே ‘கல்லூரியின் அக்காலத் தோற்றம்’ என்ற ஒரு வரி மட்டுமே இருக்கும். எந்த ஆண்டு, எந்த இடம், யார் எடுத்தது என்ற வினாக்களுக்கு விடை இராது. இத்தகைய படம் மகிழ்ச்சி தரலாம்; வரலாற்றுச் சான்றாகுமா? சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியைக் களமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். படத்தோடு அதற்குரிய சொல்லும் காக்கப்பட்டால் மட்டுமே அது சான்றாகும் என்பது நம் கருத்து.

படம் இல்லாத காலம்

சென்னையில் வானியலாளராகப் பணியாற்றிய மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால், 1794ஆம் ஆண்டு எட்டு மாணவருடன் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது இந்நிறுவனம். 1858இல் குடிசார் பொறியியற் பள்ளியாகவும் மறு ஆண்டு கல்லூரியாகவும் வளர்ந்தது. ஒளிப்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல்தான். சென்னையில் ஒளிப்படக் கழகம் தோன்றியது 1856இல். ஆகவே, கல்லூரியின் முதல் அறுபது ஆண்டுகளில் பெரும்பகுதிக்கு ஒளிப்படம் இருக்க வழியே இல்லை.

இவ்வெளிய உண்மையைப் படத்தொகுப்புகள் பலவும் எண்ணிப் பார்ப்பதில்லை. படத்தையே வரலாற்றின் முதுகெலும்பாகக் கொண்டால், கட்டடமும் சீருடையும் தோன்றிய நாளிலிருந்தே கல்லூரி தொடங்கியது போன்ற மயக்கம் ஏற்படும். அளவைச் சங்கிலியைப் பிடித்து வெயிலில் நடந்த அந்த எட்டு மாணவர் மறைந்துபோவர். அவர் காலத்தை அறிய வரைபடங்களையும் அரசு மடல்களையுமே நாம் நாட வேண்டும். தொகுப்பாசிரியர் ஒருவர் செய்யத்தக்க முதற்கடமை, ‘இக்காலத்திற்குப் படம் இல்லை, காரணம் இது’ என்று தொடக்கத்திலேயே எழுதுவதாகும்.

சென்னை மாநிலத்தில் ஒளிப்படம் அணிகலனாக மட்டும் நுழையவில்லை என்பதும் ஈண்டு கருதத்தக்கது. 1856இல் அரசு ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858இல் படமெடுத்தார். 21 அச்சுப்படங்களை இணைத்து ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். படிக்கத்தக்க ஆவணமாகவே ஒளிப்படம் அங்குக் கருதப்பட்டது. அக்கருத்தையே நம் மலர்கள் கைவிட்டுவிட்டன.

இடமும் கட்டடமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கல்லூரி, ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையைச் சேர்ந்த கலச மகாலில் இயங்கியது. 1920இல்தான் கிண்டியில் உள்ள செந்நிறக் கட்டடத்திற்கு மாறியது. எனவே, 1900ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் கீழ் ‘கிண்டி வளாகம்’ என எழுதியிருந்தால், ஆண்டோ இடமோ பிழையாதல் வேண்டும். கல்லூரியின் பெயரோடு ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டதால் நேரும் பிழை இது. வளைவு, தூண், கைப்பிடிச் சுவர் ஆகியவற்றை ஒப்புநோக்கினால் இதனை எளிதில் களையலாம்.

கலச மகால் 2012ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தீக்கிரையாகிப் பெருஞ்சேதமுற்றது, பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. இத்தகைய இழப்பு நேரும்போதுதான் பழைய படத்தின் பயன் புலனாகும். கூரை எவ்வாறு இருந்தது, சாளரம் எத்தனை என்பனவற்றிற்கு நாளும் இடமும் குறித்த படமே அளவுகோல். குறிப்பற்ற படம் அங்கு உதவாது.

குழுப்படத்தில் யார்?

குழுப்படம் நடுநிலையானது அன்று. அமர்ந்தோர், நின்றோர், தரையில் இருந்தோர் என்னும் வரிசையே அதிகாரத்தின் வரிசை. முன்வரிசைக்குப் பெயர் உண்டு. ஓரத்தில் நிற்கும் பணியாளருக்குப் பெயர் இராது. பட்டறையில் இரும்பைக் காய்ச்சக் கற்பித்த கைவினைஞர் படத்திற்குள்ளேயே வராமற் போவதும் உண்டு.

1940களின் முற்பகுதியில் இக்கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற அ. லலிதா, பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய மூவரையும் இங்கு நினைவுகூர வேண்டும். லலிதா மின்பொறியியலும் ஏனைய இருவர் குடிசார் பொறியியலும் பயின்றனர். ஆடவர் திரளிடையே பெண்டிர் சிலர் இருந்தனர் என்பதைப் படம் காட்டவல்லது. ஆனால் அவர்தம் சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பாற் சொல் அடிக்கப்பட்டுப் பெண்பாற் சொல் இடப்பட்டது என்னும் செய்தியைப் படம் சொல்லாது. பெண்ணொருத்தி பட்டம் பெறுவாள் என நிறுவனம் எண்ணியிருக்கவே இல்லை என்பதை அந்த ஓர் அடித்தற்கோடு உணர்த்துகின்றது. படத்தையும் தாளையும் ஒருங்கே வைத்தால்தான் வரலாறு முழுமை பெறும்.

காக்கும் முறை

வெள்ளைக்கரு பூசிய பழைய அச்சுப்படங்கள் ஒளியாலும் ஈரத்தாலும் மஞ்சளித்து மங்கும். கண்ணாடித் தகடுகள் உடையும். நம் தட்பவெப்பத்தில் பூஞ்சையும் பற்றும். ஆதலால் மின்னிலக்கமாக்கல் இன்றியமையாதது. எனினும், படத்தின் முகத்தை மட்டும் பதிவுசெய்து, பின்புறத்தில் உள்ள கையெழுத்தையும் படநிலைய முத்திரையையும் விட்டுவிடுவது ஏட்டின் பாடலைப் பெயர்த்தெழுதி, எழுதியோன் பெயரையும் நாளையும் எறிந்துவிடுவதற்கு ஒப்பாகும். ஆல்பத்திலிருந்து படத்தைப் பிரித்தெடுத்தால் வரிசை தந்த சான்றும் அழியும்.

விழா மலருக்கு இத்துணை நுணுக்கம் வேண்டுமா, எல்லாப் பெயர்களும் கிடைக்குமா எனச் சிலர் வினவலாம். கிடைக்காமற் போகலாம். பாடவேறுபாட்டைப் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் காட்டுவதுபோல், உறுதியானதை உறுதியெனவும் ஊகத்தை ஊகமெனவும் குறித்தாலே போதும். பின்வருவோர் திருத்திக்கொள்வர்.

முடிவுரை

நம் முன்னோர் நடுகல்லில் வீரனின் உருவத்தை மட்டும் செதுக்கி அமையவில்லை. அவன் பெயரையும் செயலையும் உடன் பொறித்தனர். உருவம் காலப்போக்கில் பொதுவாகிவிடும். எழுத்தே அதனை ஒருவனுக்கு உரியதாக்கும். கிண்டிக்குப் பொருந்தும் இவ்வுண்மை நமக்கும் பொருந்தும். இந்நாட்டில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகளும் மூடப்பட்ட தமிழ்ப்பள்ளிகளும் உள்ளன. அவற்றின் வகுப்புப் படங்கள் பல, பெயர் சொல்லத்தக்க முதியோரின் வீட்டுச் சுவர்களில் இன்றும் தொங்குகின்றன. அம்முதியோர் இருக்கும்போதே படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர்களை எழுதி வைப்பது தமிழாசிரியர் எவரும் செய்யக்கூடிய ஆய்வுப்பணி என நாம் கருதுகின்றோம்.