கரும்பை அடித்த மகள்

ஹைட்டி நாட்டில் 1969இல் பிறந்து, பன்னிரண்டு வயதில் நியூயார்க் சென்று பெற்றோரோடு சேர்ந்தவர் எட்விஜ் டான்டிகா. 1994இல் வெளிவந்த அவரது முதல் புதினம் 'மூச்சு, கண்கள், நினைவு'. அதன் நாயகி சோஃபியும் அதே வயதில்தான் தாயிடம் செல்கிறாள். சென்ற பின்னரே தன் பிறப்பை அறிகிறாள். தாய் மார்ட்டீன் இளமையில் கரும்புத் தோட்டத்தில் முகம் தெரியாத ஒருவனால் சிதைக்கப்பட்டவள். அவ்வன்முறையில் கருவானவளே சோஃபி.

இரவுதோறும் கனவில் அலறும் தாயை எழுப்பி ஆற்றுபவள் மகளே. ஆயினும் அவள் பதினெட்டு வயதில் ஒருவனை விரும்பத் தொடங்கியதும், கன்னிமை கெடவில்லையே என்று அத்தாய் வாரந்தோறும் உடலைச் சோதிக்கிறாள். அவளுடைய தாய் அவளுக்குச் செய்ததும் அதுவே. இதற்கு முடிவுகட்டச் சோஃபி எடுப்பது அடுக்களையின் உலக்கை. அந்தப் பக்கத்தைக் கடக்க நமக்கு வெகுநேரம் ஆயிற்று.

கயவன் கதை தொடங்குமுன்பே வந்து மறைந்துவிடுகிறான். எஞ்சிய துன்பத்தைச் செய்வோர், மகளை உயிராய் நேசிப்போர். புதினத்தின் வலிமை இதில்தான் இருக்கிறது. உரோமை 410இல் சூறையாடப்பட்டபோது வன்முறைக்கு ஆளான பெண்கள் தூய்மை இழக்கவில்லை, கற்பு மனத்தின் பண்பு என்று 'கடவுளின் நகரம்' நூலில் வாதிட்டார் புனித அகுஸ்தினார். பதினாறு நூற்றாண்டுகள் கடந்தும் நம் பங்குகளில் அத்தகைய பெண்ணைக் குறித்து முதலில் எழும் சொல் 'கெட்டுப்போனவள்' என்பதுதானே?

ஆற்றுப்படுத்தும் குழுவில், துன்புறுத்தியோரின் பெயர்களை எழுதி எரிக்கும் காட்சி அவசரமாய் எழுதப்பட்டது. பாடநூல் வாடை வீசுகிறது. கைக்குழந்தையோடு ஊர் திரும்பிய சோஃபி, "ஏன் செய்தீர்கள்?" எனப் பாட்டியிடம் கேட்கும் இடமோ வேறு. பாட்டி வழக்கத்தைக் காரணம் காட்டுகிறாள். பின்னர் தம்மவர் இழைத்த வேதனைக்காக மனம் கசிகிறாள். மன்னிப்பு, கேட்ட கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே அங்கே துளிர்க்கிறது.

மார்ட்டீன் மீளவில்லை, மீண்டும் கருவுற்ற நிலையில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். அடக்க நாளில் சோஃபி கூட்டத்தை விட்டோடி, கரும்புகளைப் பிடுங்கி அடிக்கிறாள். குருவானவர் அவளை நோக்கி நடக்கிறார். பாட்டி அவரைத் தடுத்து நிறுத்துகிறாள். முதல் வாசிப்பில் அவள்மீது சினந்தோம். மறுவாசிப்பில், ஆறுதல் வசனத்தோடு நாம் விரைந்தோடிய இழவு வீடுகள் சில நினைவுக்கு வந்தன.