அடைத்த கதவும் 33ஆம் ஆர்டரும்

தமிழ் எம்.ஏ. வகுப்பில் சிறுபாணாற்றுப்படையை வறுமையின் ‘வருணனை’யாக நடத்தி முடித்துவிடுகிறார்கள். அடுக்களையில் குட்டி போட்ட நாய். கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, வலி தாங்காமல் அது குரைக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் அவித்து, பிறர் பார்த்துவிடுவார்களே என்று கூசிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு தின்கிறாள். இதை யார் யாரிடம் சொல்கிறார்கள்? பரிசு பெற்ற பாணன் இன்னும் பெறாத பாணனிடம் சொல்கிறான். பசி பசியிடம் பேசுகிறது. கதவுக்குள் நடந்தது தன் ஆளிடம் மட்டும் சொல்லப்படுகிறது.

இதன் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டிய இன்னொரு வறுமைப் பிரதி, 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் ஆர்டர்.

சிவில் கேஸ் போட முதலில் ஸ்டாம்ப் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஏழரை வாங்கினார்கள். 2017இல் மூன்றாகக் குறைத்தார்கள். 10 லட்சம் இழப்பீடு கேட்டால் இன்றைக்கும் 30,000 ரூபாய். கட்ட முடியாதவர் ‘பாப்பர்’ என்று மனுப் போடலாம். 1976 திருத்தம் இந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘இன்டிஜென்ட்’ என்று நாகரிகமாக மாற்றியது. கோர்ட்டு வாசலில் இன்னும் பாப்பர் கேஸுதான். (‘நம்மளப் போயி பாப்பாருன்னு எழுதிட்டானுவளா’ன்னு எங்க தெருவுல சிரிச்சவங்க உண்டு.)

சொல் மாறியது, பிரதி மாறவில்லை. தன் சொத்து முழுவதையும் விலை போட்டுப் பட்டியல் கொடுக்க வேண்டும். பொதுவாக மனுவை நேரில் வந்து கொடுக்க வேண்டும். வறுமை உண்மையா என்று முதலில் சிரஸ்தார் விசாரிப்பார். பிறகு அரசு வக்கீலுக்கும் எதிர்க்கட்சிக்கும் நோட்டீஸ் போகும். இவர் ஏழை இல்லை என்று காட்ட அவர்கள் சாட்சி கொண்டுவரலாம். அதாவது, மனையை வளைத்துக்கொண்டவனே மனையை இழந்தவளின் அடுக்களைக்குள் எட்டிப்பார்க்கலாம். மனை யாருடையது என்ற கேள்வி அதுவரை காத்திருக்கும்.

எங்க பெரியம்மா ஒருத்தி அந்தக் கூண்டில் ஏறி இறங்கியவள். “காதுல கெடக்கறது தங்கமா கவரிங்கான்னு கேட்டாம்பா. கவரிங்குன்னேன். கழட்டிக் காட்டுன்னான். ஊருக்காரன் அத்தினி பேரும் பாத்துக்கிட்டு நிக்கறான். ரெண்டு ஆடு வச்சிருக்கியேன்னான். ஆட்ட வித்துட்டா ஆனியாடி ஏழ, இல்லாங்காட்டி இல்லியாடின்னு கேக்கற மாதிரி இருந்துச்சு.” மானக்கேட்டை நீதிமன்ற நடைமுறையாக மாற்றியிருக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாட்டு மொழியும் சொல்லிவிடாது. சமையல் பாத்திரம், கட்டின துணி, வழக்கில் உள்ள அந்த மனை இவற்றையெல்லாம் வசதிக்கணக்கில் சேர்க்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதைக் கூண்டில் நிற்கிறவளிடம் யார் சொன்னார்கள்?

அனுமதி கிடைத்தாலும் கட்டணம் தள்ளுபடி ஆவதில்லை, அது கடன். தோற்றால் கட்டச் சொல்லி உத்தரவாகும். ஜெயித்தால் அந்தத் தொகைக்கு வழக்குச் சொத்தின் மேல் அரசுக்கு முதல் பாத்தியதை. கொடை கொடுத்த நல்லியக்கோடன்கூட இப்படி நோட்டு எழுதி வாங்கியதாகப் பாட்டில் இல்லை.

இதற்கு எதிரே நிற்கிற பிரதி ஒன்று உண்டு. 1987இல் இயற்றி 1995 நவம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். அதன் 12ஆம் பிரிவு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே வைக்கவில்லை. அந்த இலவச உதவிக்குள் நீதிமன்றக் கட்டணமும் அடங்கும். பெரியம்மா இரண்டு வகையில் உரியவள். அவள் வக்கீல் பாப்பர் மனுதான் போட்டார். தாலுகா கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்க, இயக்கத் தோழர்கள்கூட ‘முதல்ல பாப்பர் போடுங்க’ என்று சொல்லிக்கொண்டிருப்பது சரியல்ல. உரிமையாகக் கேட்க வேண்டியதை ஏன் இரந்து கேட்க வேண்டும்? 12ஆம் பிரிவைச் சொல்லி மனு எழுதி, சாதிச் சான்றிதழை இணைத்துக் கொடுங்கள்.

பெண்களுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை; பட்டியல் சாதி என்று கேட்பதென்றால் அது இருப்பவர்களுக்குத்தான் இதுவும். 1950ஆம் ஆண்டு ஆணையின்படி மாதா கோயிலுக்குப் போகிற பறையர் பட்டியல் சாதி இல்லை. அதே சேரி, அதே வேலி, அதே எதிரி. ஆனால் அவர் ஆணாக இருந்தால், பொதுவாக வருமானத்தை நிரூபிக்கிற வரிசையில் போய் நிற்க வேண்டும்.