ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகு

கோடை முகாம் படம் என்றாலே இன்று பலருக்கும் கிரிஸ்டல் லேக்கும் ஹாக்கி முகமூடியும்தான் நினைவுக்கு வருகின்றன. முகமூடி 1982இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் தலைகாட்டியது என்பது வேறு விஷயம். ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ (1980) தன் வேலையைச் சுத்தமாகச் செய்த படம். டாம் சாவினியின் ஒப்பனையிலோ ஹாரி மான்ஃப்ரெடினியின் இசையிலோ குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், முகாம் திறப்பதற்கு முன்பே அங்கே எல்லாம் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளே வந்து சேராத இடத்தை முகாம் என்று எப்படி ஏற்பது?

அதற்கு ஓராண்டு முன்பு வந்த ‘மீட்பால்ஸ்’ முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சல். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹாலிபர்ட்டன் அருகே கேம்ப் ஒயிட் பைன் என்ற நிஜ முகாமிலேயே ஐவன் ரைட்மன் அதை எடுத்தார். பில் மர்ரே திரைப்படத்தில் நாயகனாக நடித்தது அதுதான் முதல்முறை.

முகாம் பொறுப்பாளர் ட்ரிப்பராக அவர் ஒலிபெருக்கியில் அடிக்கும் அறிவிப்புகளை ரசிகர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஒப்பிக்கட்டும். படத்தின் உயிர் பேருந்து நிலையக் காட்சியில் இருக்கிறது. யாரோடும் ஒட்டாத ரூடி (கிறிஸ் மேக்பீஸ்), கால்பந்தாட்டத்தில் சொதப்பிப் பேச்சு வாங்கியபின், வீட்டுக்கே போய்விடலாம் என்று கிளம்பிவிடுகிறான். ட்ரிப்பர் தேடி வந்து அவனோடு உட்கார்கிறான். அறிவுரை இல்லை, அதட்டல் இல்லை. வழக்கமான கிண்டல் தொடரத்தான் செய்கிறது. ஆனால் அதுவரை ஊருக்கே கேட்ட கிண்டல் இப்போது ஒரே ஒரு பையனுக்காக. ஒரு கோடைக்கு ஒரு நல்ல நண்பன் கிடைத்தால் போதும் என்று போகிறபோக்கில் சொல்கிறான். மர்ரே அந்த இடத்தில் குரலை எவ்வளவு இறக்குகிறார் என்பதைக் கேட்க வேண்டும். பின்னாளில் அவருக்குக் கிடைத்த பெரிய வேடங்களுக்கான வித்து அங்கே விழுந்துவிட்டது.

பணக்கார மொஹாக் முகாமிடம் போட்டியில் தோற்றுக்கொண்டிருக்கும் இரவில் ட்ரிப்பர் ஆற்றும் உரை இன்னொரு உச்சம். ஜெயித்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று சொல்லியே துவண்ட கூட்டத்தை எழுப்பிவிடுகிறான். மறுநாள் ஓட்டத்தில் ரூடியை ஜெயிக்கவைத்து, அந்த உரையின் வீரியத்தைப் படமே கொஞ்சம் குறைத்துக்கொள்கிறது. எல்மர் பெர்ன்ஸ்டைனின் இசை இல்லாவிட்டால் அது இன்னும் உறுத்தியிருக்கும்.

சிறந்த முகாம் படமாக ‘தி பேரன்ட் ட்ராப்’ (1961) படத்தை முன்னிறுத்துவோர் உண்டு. தமிழர்களுக்குக் குட்டி பத்மினியின் ‘குழந்தையும் தெய்வமும்’ வழியாகப் பழகிய கதை. முகாமில் தொடங்கினாலும் அதன் மனம் முழுக்க வீட்டில்தான்.

சரிவு சீக்கிரமே வந்துவிட்டது. 1984இல் வந்த இரண்டாம் ‘மீட்பால்ஸ்’ படத்தில் மர்ரே இல்லை, ரைட்மன் இல்லை. வேற்றுக்கிரகவாசி ஒருவன் முகாமுக்கு வருகிறான். ‘வெட் ஹாட் அமெரிக்கன் சம்மர்’ (2001) படத்துக்கு இன்று பெரும் ரசிகர் கூட்டம். உணவுக்கூடத்தில் ஒரு தட்டை எடுத்துவைக்கப் பால் ரட் படும் சலிப்பு அபாரமான நடிப்பு, மறுப்பதற்கில்லை. இருந்தும் அங்கே பெரியவர்களின் காதலும் கலாட்டாவும்தான் கதை. பிள்ளைகள் பின்னணிக்குப் போய்விட்டார்கள். பகடிக்கு மேல் பகடியாக வந்தவற்றில் ஒரு ரூடியாவது மனதில் நிற்கிறானா?

பேருந்து நிலையத்தின் அந்தப் பொறுமை மறுபடி தென்பட்டது ‘கிரிப் கேம்ப்’ (2020) ஆவணப்படத்தில். நியூயார்க் மாகாணத்தின் கேம்ப் ஜெனெட்டில், 1971இல் எடுத்த கறுப்பு வெள்ளைக் காட்சிகள். மேசையைச் சுற்றி மாற்றுத்திறன் கொண்ட இளைஞர்கள் பெற்றோரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு பெண்ணின் பேச்சு எளிதில் புரிவதில்லை. யாரும் குறுக்கிடவில்லை, அவள் முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். அவள் கேட்பது தனக்கென்று கொஞ்சம் தனிமை. இன்னொரு காட்சியில் முகாம் பொறுப்பாளர் ஜூடி ஹியூமன், என்ன சமைக்கலாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதே ஜூடிதான் 1977இல் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் 504ஆம் சட்டப் பிரிவை அமல்படுத்தக் கோரி, சான் பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்தில் மூன்று வாரங்களுக்கும் மேல் நீடித்த உள்ளிருப்புப் போராட்டத்தை முன்நின்று நடத்தினார். ஜெனெட்டில் பழகிய பலர் அப்போதும் அவருடன் இருந்தார்கள்.