ஆறடி ரெண்டங்குலமும் முதல் பைக்கும்

"உங்க ஹைட்டுக்கு புல்லட்தான் சார் கெத்து." பெங்களூரில் ஆறடி இரண்டங்குலக்காரர் ஒருவர் முதல் பைக் வாங்கக் கிளம்பினால் ஷோரூம்காரர், ஆபீஸ் நண்பர், ஓசூர் சித்தப்பா என எல்லோரும் சொல்வது இதைத்தான். வண்டி பார்க்கப் பெரிது என்பது உண்மை. ஆனால் புல்லட் 350-இன் சீட் தரையிலிருந்து 805 மி.மீ. ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸில் 785. இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குத்தான் இவ்வளவு கெத்து!

அப்படியானால் சீட் உயரமான வண்டியாகப் பார்த்து வாங்கிவிடலாமே? யமஹா ஆர்15-இல் ஏறிப் பார்த்தால் தெரியும். அதன் சீட் 815 மி.மீ., புல்லட்டைவிட உயரம். ஆனால் ஃபுட்ரெஸ்ட் மேலேறிப் பின்னால் தள்ளியிருக்கிறது, ஹேண்டில் தாழ்ந்திருக்கிறது. நெட்டையானவர் உட்கார்ந்தால் வெட்டுக்கிளி போல மடங்கிக்கொள்வார். ரேஸ் ட்ராக்கில் அது அழகு. சில்க் போர்டு ஜங்ஷனில் அரை மணி நேரம் ஊர்ந்தால் தொடையும் மணிக்கட்டும் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

நெட்டைக்காரர் அளக்க வேண்டியது சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை. விளம்பரத் தாளில் அது அநேகமாக இருக்காது. வண்டியில் உட்கார்ந்து, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லிப் பார்த்தால் போதும், முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்ப வேண்டும். ஜெயநகரின் குறுகலான கிராஸ் ஒன்றில் யூ-டர்ன் போடும்போது ஹேண்டில் முழங்காலில் இடித்தால், புதிதாக ஓட்டுபவர் வண்டியைச் சாய்த்துவிடுவார். இன்னொன்று, அன்றாடம் போடும் ஷூவோடுதான் போக வேண்டும். 11-ஆம் நம்பர் ஷூவின் நுனி கியர் லீவருக்கு அடியில் நுழையாமல் திணறுவது கடையிலேயே தெரிந்துவிட்டால், லீவரைக் கழற்றி ஒரு பல் மேலே ஏற்றி மாட்டித் தரச் சொல்லலாம்.

இத்தனையிலும் தேறுபவை பெரும்பாலும் அட்வெஞ்சர் வகை வண்டிகள். முதல் வண்டி என்றால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி முன்னால் வந்து நிற்கிறது. 825 மி.மீ. சீட், அகலமான ஹேண்டில், தாராளமாகத் தொங்கும் கால்கள், 160 கிலோவை ஒட்டிய எடை. பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கினாலும் பதற வேண்டியதில்லை. இதன் ப்ரோ வடிவத்தில் சீட் 891 மி.மீ.! ஆறடிக்காரரே நுனிக்காலில் நிற்கும் அபூர்வக் காட்சியை அதில் பார்க்கலாம். என்ஜின் சுமார் 19 குதிரைத்திறன்தான். ஊருக்குள் தாராளம், ஆனால் துமகூர் ரோட்டில் 100-ஐத் தொட்டால் மூச்சு வாங்கும். கற்றுக்கொள்பவருக்கு இது குறையா என்பது விவாதத்துக்குரியது. வண்டி கொஞ்சம் நிதானமாக இருப்பது வீட்டாருக்கு நிம்மதி.

2023 நவம்பரில் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 சென்னைத் தயாரிப்பு. 40 குதிரைத்திறன், 825-இலிருந்து 845 மி.மீ. வரை உயர்த்திக்கொள்ளக்கூடிய சீட். நெடுங்காலுக்கு இதைவிட இதமான இடம் இந்த விலையில் அரிது. ஆனால் எடை 196 கிலோ. ஓடும்போது அது தெரியாது. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டின் சரிவில், இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து வண்டியைப் பின்னால் தள்ளும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும். இரண்டாவது வண்டியாக இதை வாங்குவதே புத்திசாலித்தனம்.

நடுவில் சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், ட்ரையம்ஃப் ஸ்கிராம்ப்ளர் 400 எக்ஸ் இரண்டும் 835 மி.மீ. சுஸுகி 167 கிலோ, சாந்தமான 250 சிசி. நந்தி மலைக்கும் ஆபீசுக்கும் ஒரே வண்டி வேண்டுமென்றால் இதுவே போதும். பட்ஜெட் போடும்போது ஒன்றை மறக்கக் கூடாது: ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்குக் கர்நாடகாவில் ஆயுள் வரியே 18 சதவீதம்.

ஏற்கெனவே சின்ன வண்டி வாங்கிவிட்டவருக்கு, வண்டியை மாற்றியமைத்துத் தரும் கடைகளோடு ஜே.சி. ரோடு இருக்கிறது. சீட்டில் ஓர் அங்குலம் ஃபோம் ஏற்றினாலே முழங்கால் நன்றி சொல்லும். ஹேண்டிலுக்கு ரைசர் வைப்பதென்றால் மட்டும் கவனம் தேவை. முழுக்கத் திருப்பும்போது கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடுகின்றனவா என்று கடை வாசலிலேயே பார்த்துவிட வேண்டும்.

பின்சீட்டையும் பார்த்துவிடுவது நல்லது. எக்ஸ்பல்ஸ் ப்ரோவில் மகன் ராஜாவாக உட்கார்ந்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்ட அம்மா, சேலையைப் பிடித்துக்கொண்டு அதை அண்ணாந்து பார்த்துவிட்டு ஆட்டோ கூப்பிடச் சொல்வார்.