ஆடு தின்ற ஏடுகள்

இலக்கியம் என்றதும் நம்மவருள் பலர் எங்கோ தொலைவில் நிற்கும் மலையை அண்ணாந்து நோக்குவதுபோல் தலையை உயர்த்திக்கொள்கின்றனர். மன்னர்களும் மாவீரர்களும் ஞானியரும் உலவுமிடமே இலக்கியத்திற்கு உரிய இடம் என்றும், அடுக்களையும் கொல்லைப்புறமும் அதற்கு ஏற்றவையல்ல என்றும் எண்ணிப் பழகிவிட்டோம். அந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை வாதம் ஏதும் செய்யாமல், சிரித்துக்கொண்டே உணர்த்திவிடும் நூல் ஒன்று உண்டு. வைக்கம் முகம்மது பஷீர் மலையாளத்தில் எழுதிய ‘பாத்துமாவின் ஆடு’ என்னும் குறுநாவலே அது.

பஷீர் 1908-இல் கேரளத்தின் தலயோலப்பறம்பில் பிறந்தவர். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றவர். அதன் பின்னர் ஆண்டுக் கணக்கில் நாடெங்கும் அலைந்து திரிந்தவர். உலகத்தை இவ்வளவு சுற்றிய ஒருவர் எழுதுவதற்குப் பொருளா இல்லை? ஆயினும், மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்த 1954-ஆம் ஆண்டில் அவர் எழுத எடுத்துக்கொண்டது தம் சொந்த வீட்டை. அதுவும் அவ்வீட்டு முற்றத்தில் மேய்ந்த ஓர் ஆட்டை! 1959-இல் நூலாக வெளிவந்தபோது, அதனைத் திருத்தாமல் எழுதியவாறே அச்சுக்குத் தந்ததாக முன்னுரையில் அவரே கூறுகிறார்.

கதை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. நெடுநாள் அலைந்த எழுத்தாளர், ஓய்வும் அமைதியும் நாடி வீடு திரும்புகிறார். வீடோ சந்தை போல இருக்கிறது. உம்மா, தம்பிமார், அவர்தம் மனைவியர், தங்கையர், குழந்தைகள், கோழிகள், பூனைகள் என ஒரே கூரையின்கீழ் ஓர் உலகமே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறது. அண்ணன் வந்திருக்கிறான் என்றால் பணம் வந்திருக்கிறது என்று பொருள். ஒருவரறியாமல் ஒருவர் வந்து கேட்கின்றனர். தம்பி ஹனீபாவிடம் யாரேனும் எதையேனும் கேட்டுவிட்டால், தான் மறுபடியும் பட்டாளத்திற்கே போய்விடப் போவதாக மிரட்டுகிறான். இவர்களுக்கிடையே, நாள்தோறும் தன் மகளுடன் தாய்வீட்டுக்கு வந்து போகும் தங்கை பாத்துமாவும், அவளுடைய ஆடும்.

அந்த ஆட்டுக்குத் தடையென்று ஒன்றில்லை. ஒருநாள் அது எழுத்தாளரின் அறைக்குள் நுழைந்து, அவருக்குப் புகழ் ஈட்டித் தந்த ‘பால்யகால சகி’யையும் ‘சப்தங்க’ளையும் மென்று தின்றுவிடுகிறது. அவர் தடுக்கவில்லை. அடுத்து அது விலையுயர்ந்த கம்பளியில் வாய் வைத்தபோதுதான் ஓடிச்சென்று மறிக்கிறார். நூலுக்கு வேறு பிரதிகள் உண்டு, கம்பளிக்கு இல்லையே! படிக்கும் நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம். சிரித்து முடித்தபின் சற்றே திடுக்கிடுகிறோம். தன் புகழை ஓர் ஆடு தின்னுவதைத் தானே நின்று வேடிக்கை பார்க்க எத்தனை எழுத்தாளரால் இயலும்? தன்முனைப்பை அடக்குதல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியோர் பலர். பஷீர் அச்சொல்லை உச்சரிக்கவேயில்லை. ஆட்டை அறைக்குள் விட்டார், அவ்வளவே.

இன்னோர் இடம். ஆசிரியர் தொழில் பார்த்த தம்பி அப்துல் காதர், அண்ணனின் எழுத்தில் இலக்கணம் சரியில்லை என்று கண்டிக்கிறான். நாம் பேசுகிறபடிதானே எழுதினேன், இதற்கு எதற்கு இலக்கணம் என்று சீறுகிறார் அண்ணன். இது வெறும் வேடிக்கையன்று. வீட்டில் உம்மாவும் தங்கையும் பேசும் மொழி ஏட்டில் ஏறத் தகுதியுடையதா என்னும் வழக்கே அங்கு நடக்கிறது. தீர்ப்பு எதுவென்பதற்கு அந்நூலே சான்று.

கதையின் உயிர்நிலை ஆட்டுப்பாலில் இருக்கிறது. ஆடு குட்டி ஈன்றால் தன் கஷ்டம் தீரும் என்று பாத்துமா காத்திருக்கிறாள். குட்டியும் பிறக்கிறது. வீட்டுப் பெண்களோ அவளறியாமல் பாலைக் கறந்துகொள்கின்றனர். இது களவுதான், ஐயமில்லை. ஆயின் களவாடியவர்கள் யார்? தம் குழந்தைகளின் வயிற்றை எண்ணிப் பார்த்த தாய்மார்கள். இழந்தவள் யார்? அவர்களினும் ஏழையான ஒரு தாய். பஷீர் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. யாரையும் நியாயப்படுத்தவும் இல்லை. வறுமை எப்படி நல்லவர்களையும் ஒருவர் கலத்தில் ஒருவர் கைவைக்கச் செய்கிறது என்பதையும், அப்படியிருந்தும் அவ்வீடு உடைந்து போகவில்லை என்பதையும் ஒருசேரக் காட்டுகிறார். மறுநாளும் பாத்துமா வருகிறாள். இதைவிடப் பெரிய செய்தி அந்நூலில் வேறெதுவுமில்லை.

குறை காணலாகாதா எனின், காணலாம். நூலுக்குப் ‘பெண்களின் புத்தி’ என்று மற்றொரு பெயரும் சூட்டினார் ஆசிரியர். அப்பெண்களின் சாமர்த்தியத்தை மெச்சும் அவர், அதை ஓர் ஆண்மகனின் இருக்கையிலிருந்தே காண்கிறார். பொழுது புலர்வதற்குமுன் எழுந்து, எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் அவர்களின் களைப்பு, நகைச்சுவையின் வெளிச்சத்தில் சில இடங்களில் மறைந்துவிடுகிறது. பாத்துமாவே இக்கதையைச் சொல்லியிருந்தால், நாம் இத்தனை முறை சிரித்திருப்போமா? இந்த வினாவை அந்நூல் எழுப்புகிறது, விடையைத் தரவில்லை. விடை தரவேண்டியவர்கள் பின்வந்த பெண் எழுத்தாளர்களே.

எனினும், நம் கதாசிரியர்கள் இந்நூலிடம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. நம் இதழ்களில் வரும் கதைகள் பலவற்றில், இறுதிப் பத்தியில் ஒரு பெரியவர் தோன்றி நல்லுரை வழங்குவார். வழி தவறியவன் கண்ணீர் மல்கித் திருந்துவான். நோக்கம் நல்லதே. ஆனால் வாழ்க்கையில் ஞானம் அப்படியா வருகிறது? வடித்த சோற்றை எத்தனை தட்டுகளுக்குப் பங்கிடலாம் எனக் கணக்கிடும் தாயின் கண்ணிலும், கேட்டுப் பெற்ற பணத்தை மறைத்து வைத்து மகளுக்குக் கொடுக்கும் பாட்டியின் முந்தானை முடிச்சிலும் அல்லவா அது இருக்கிறது? அதைக் காண்பதற்குப் பொறுமை வேண்டும். கண்டதைப் போதனையாக்காமல் விடுவதற்கு அதனினும் பெரிய அடக்கம் வேண்டும்.

நோயுற்ற மனத்துடன் எழுதிய ஒருவர், தம் நோயைப் பற்றிப் புலம்பவில்லை. கூச்சலும் குழந்தைகளும் நிறைந்த முற்றத்தை உற்றுப் பார்த்தார். அமைதி தேடி வந்தவருக்கு அமைதி கிட்டவில்லை. அதற்குப் பதிலாக வாழ்க்கை கிட்டியது. அவர் 1994-இல் மறைந்தார். ஆட்டின் வாய்க்குப் போனவை போக எஞ்சிய பிரதிகள் இன்றும் படிக்கப்படுகின்றன.

குளச்சல் மு. யூசுப் இந்நூலைத் தமிழில் தந்திருக்கிறார். வாங்கி, வீட்டில் உள்ளோர் கூடியிருக்கும் வேளையில் உரக்கப் படியுங்கள். உங்கள் உம்மா இடைமறித்து, “இது நம்ம வீட்டுக் கதையல்லவா?” என்று கேட்கக்கூடும். அப்பொழுது நூலை மூடி வைத்துவிட்டு, அவர்கள் சொல்லப்போகும் கதைக்குச் செவிகொடுங்கள். அதுவே இந்நூலுக்கு நாம் செய்யும் தகுந்த மரியாதை.