ஆட்சேபத்தை அங்கேயே சொல்லணும்!

ஐரோப்பிய காப்புரிமை அலுவலகம் ஒரு காப்புரிமையைக் கொடுத்துவிட்டால், அதை எதிர்ப்பவருக்குப் பல கதவுகள் திறந்திருக்கும். 9 மாதத்துக்குள் அலுவலகத்திலேயே எதிர்ப்பு மனு போடலாம். அது தோற்றாலும், அந்தந்த நாட்டு நீதிமன்றத்தில் ‘இது செல்லாது’ என்று வழக்குப் போடலாம். சரி, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்? விண்ணப்பதாரர் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அங்கேயும் தோற்றால் அந்த முடிவை மாற்ற எந்த நாட்டு நீதிமன்றமும் கிடையாது.

அதனால்தான் அந்த வாரியத்தின் முன் நடக்கும் விசாரணை நியாயமாக இருக்கணும் என்பது இங்கே வெறும் சம்பிரதாயம் இல்லை. ஐரோப்பிய காப்புரிமை உடன்படிக்கையின் 113(1) ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது: தரப்பினருக்குக் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தராத காரணத்தையோ சான்றையோ வைத்து முடிவெடுக்கக் கூடாது. மீறினால் என்ன வழி என்று 2007 டிசம்பர் வரை யாரிடமும் பதில் இல்லை. அந்த மாதம் நடைமுறைக்கு வந்த 112அ பிரிவுதான், விரிவாக்க வாரியத்திடம் மறுஆய்வு மனு போடும் உரிமையைத் தந்தது.

இது வெற்று உரிமை என்று சொல்ல மாட்டேன். 2009இல் ஆர் 7/09 வழக்கில் ஒரு மனு வென்றது. எதிர்த்தரப்பின் மேல்முறையீட்டுக் காரணங்கள் காப்புரிமையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அலுவலகத்திடம் ஆதாரமே இல்லை. வாரியமோ காப்புரிமையை ரத்தே செய்துவிட்டிருந்தது. அந்த முடிவு நீக்கப்பட்டது.

என் விமர்சனம் வேறு இடத்தில். விதி 106 இன்படி, குறையை மேல்முறையீடு நடக்கும்போதே வாரியத்திடம் சொல்லி, வாரியம் அதைத் தள்ளியிருக்கணும். அப்போது சொல்ல முடியாத குறைக்கு மட்டுமே விலக்கு. அதாவது, இன்னும் தீர்ப்பு சொல்லாத ஆட்களின் முகத்துக்கு நேரே ‘நீங்க நியாயமா நடக்கலை’ என்று சொல்லணும். அன்றைக்குத் தயங்கி வாய் மூடி இருந்தவருக்குப் பிறகு மனுவும் இல்லை. தாண்டி வந்தாலும், முதலில் 3 பேர் கொண்ட குழு ஒருமனதாக ‘தெளிவாகவே ஏற்க முடியாதது’ என்று சொன்னால் கதை முடிந்தது. அவர்களும் பெரும்பாலும் அதே வாரியங்களில் வேலை பார்க்கும் சகாக்கள்தான்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2021இல் ஜி 1/21 வழக்கைப் பாருங்கள். காணொளி விசாரணை பற்றிய விதியை உருவாக்குவதில் பங்கெடுத்தவரே, அந்த விதி செல்லுமா என்று தீர்மானிக்கும் அமர்வுக்குத் தலைவர். ஆட்சேபம் எழுந்த பிறகே மாற்றப்பட்டார். தப்பு திருத்தப்பட்டது உண்மை. ஆனால் கேட்க ஒருவர் இருந்ததால்தானே திருத்தப்பட்டது?

2016 சீர்திருத்தத்துக்குப் பிறகு சட்டப் பாதுகாப்பின் குறைந்தபட்ச அளவு பூர்த்தியாகிறது என்று ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் 2022 நவம்பரில் சொல்லிவிட்டது. சரி. ஆனால் வேறு கதவே இல்லாத ஒருவருக்குக் குறைந்தபட்சம் போதுமா? தேசிய நீதிபதிகளை விரிவாக்க வாரியத்தில் நியமிக்க 11(5) ஏற்கெனவே இடம் தருகிறது. மறுஆய்வு மனுவைக் கேட்கும் ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஒருவர் கட்டாயம் உட்காரட்டும். விதி 106இன் கெடுபிடியையும் தளர்த்தட்டும். வழக்குகள் கொஞ்சம் இழுக்கும்தான். கடைசிக் கதவை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் குறைந்தா போய்விடும்?